மனைக்குள்ள நிக்கற பெரிய பாறைக்கல்லு: வெடி இல்லாம எடுக்க வழி உண்டுங்களா?

தறிக்காரி, சென்னிமலை (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கமுங்க. சென்னிமலையில இருந்து காங்கேயம் போற வழியில, எங்க வீட்டுக்காரருக்குப் பாகத்துல வந்த மேட்டாங்காடு இருக்குதுங்க. சுத்தியும் கிளுவை வேலி. அதுல இருபத்தஞ்சு செண்டு ஒதுக்கி வீடு கட்டலாம்னு இருக்கறோம். தறி ஓட்டி, பெட்ஷீட் ஏவாரத்துல சேத்த காசு, மேல பேங்க் லோனு. அதனால ஒவ்வொரு ரூபாயும் யோசிச்சுத்தான் எடுக்கோணும்.

பிரச்சினை கல்லுதானுங்க. மனைக்குள்ள மூணு பெரிய பாறைக்கல்லு நிக்குது. பெருசு சரியா ஹால் வர்ற எடத்துல. டேப் வெச்சு அளந்ததுல நீளம் 11 அடி, அகலம் 8 அடி, மண்ணுக்கு மேல ஒசரம் 5 அடி. கீழ எவ்வளவு போகுதுன்னு தெரியலீங்க. ரெண்டாவது அதுல பாதிதான் இருக்கும், சனி மூலையில நிக்குது. அந்த மூலையிலதான் போர் போடச் சொல்லியிருக்காங்க. மூணாவது கன்னி மூலையில, வேப்பமரத்துக்கு அடியில. எங்க மாமியார் அதைக் கன்னிமாரா நெனச்சு வெள்ளிக்கிழமை தவறாம மஞ்சத்தண்ணி ஊத்திக் கும்பிடறாங்க. அதைத் தொடப்போறதில்லைங்க.

மேஸ்திரி, "ஆளு இருக்குது, வெடி வெச்சா ஒரே பகல்ல முடிஞ்சிரும்"ங்கறாரு. ஜேசிபிக்காரரைக் கேட்டா, ஹிட்டாச்சியில (பெரிய தோண்டற வண்டி) பிரேக்கர் (கல்லை இடிச்சு உடைக்கற உளி) மாட்டித்தான் வரோணும், மணிக்கணக்கு வாடகை, எத்தனை மணி ஆகும்னு இப்பவே சொல்ல முடியாதுங்கறாரு. பக்கத்துலயே எங்க பெரிய மாமனார் வீடு இருக்குது. ஓட்டு வீடு, கல்லுல இருந்து நாப்பதடி கூட இருக்காது. கட்டுத்தாரையில சினை மாடு நிக்குது. எனக்கு வெடின்னாலே மனசு ஒப்பலைங்க.

வெடி இல்லாம எடுக்க முடியுங்களா? எடுத்தா அந்தக் கல்லை என்ன பண்றது? ஒருத்தர் விலைக்குக் கேக்கறாரு, குடுக்கலாங்களா?

பெருந்துறைத் தம்பி

அக்கா, எங்க தோட்டத்துச் சாளைக்குப் பொறகால இதே மாதிரி ஒரு கல்லு இருந்துச்சு. உடைக்கவே இல்லைங்க. கல்லுக்குப் பக்கத்துலயே அதைவிட ஆழமா ஹிட்டாச்சியில குழி பறிச்சு, அக்கட்ட இருந்து தள்ளி உள்ள உருட்டிவிட்டு மண்ணைப் போட்டு மூடியாச்சு. உங்க ரெண்டாவது கல்லுக்கு இது ஒத்துவரலாம். ஆனா குழிக்குள்ள யாரும் எறங்கக்கூடாது. கல்லு எந்த நேரம் எப்படித் திரும்பும்னு சொல்ல முடியாதுங்க. அப்பறம், பொதைச்ச எடத்தைப் பிளான்ல குறிச்சு வையுங்க. நாளைக்கு செப்டிக் டேங்க் எடுக்கறபோது மறுபடியும் அதே கல்லு மேல போயி நிக்க வேண்டாம்.

கம்ப்ரசர்காரர், வெள்ளகோவில்

அம்மிணி, நான் டிராக்டர் கம்ப்ரசர் வெச்சுப் பொழைக்கறவன். காங்கேயம், மூலனூர், தாராபுரம் பக்கம் கெணறு எறக்கற எடம், வீடு கட்டற எடம்னு கல்லுல துளை போடறதுதான் தொழில். வெடி வெக்கறவங்களோட சேந்தும் வேலை செஞ்சிருக்கறேன். அந்தப் பழக்கத்துல சொல்றேன். ஓட்டு வீடு நாப்பதடியில இருக்கறப்ப வெடி வேண்டவே வேண்டாம்.

கெணத்துக்குள்ள வெடிக்கறது வேற, மேட்டுல நிக்கற கல்லை வெடிக்கறது வேற. கெணத்துல சில்லு பெரும்பாலும் சுவத்துல பட்டு உள்ளயே விழுந்துரும். மேல நிக்கற கல்லுக்கு நாலு பக்கமும் வெட்டவெளி. கையளவு சில்லு ஒண்ணு பறந்து போயி விழுந்தாலே ஓடும் போச்சு, கீழ இருக்கறவங்க தலையும் போச்சு. சட்டத்துலயும் அது வெளையாட்டுக் காரியமில்லை. 1884ஆம் வருசத்து வெடிபொருள் சட்டம், 2008ஆம் வருசத்து வெடிபொருள் விதிகள்னு இருக்குது. தோட்டா வாங்க, வெச்சிருக்க, வெடிக்க எல்லாத்துக்கும் லைசென்ஸ் வேணும். "ஆளு இருக்குது"ன்னு மேஸ்திரி சொன்னா, அந்த ஆளுகிட்டக் காயிதம் இருக்குதான்னு கேளுங்க. பதில் வராது. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா போலீஸ் ஸ்டேசன்ல நிக்கறது பூமிக்குச் சொந்தக்காரங்கதான்.

இப்ப வேலைக்கு வர்றேன். மொதல்ல கல்லைச் சுத்திப் பறிக்கோணும். இதைச் செய்யாம யாருகிட்டயும் விலை பேசாதீங்க. மண்ணுக்கு மேல தெரியறது தனிக்கல்லா, இல்லை கீழ இருக்கற பாறையோட தலையான்னு தெரியாம ஆரம்பிச்சா காசு தண்ணியாப் போகும். ஜேசிபியை விட்டு ரெண்டு எதிர்ப்பக்கமும் பறிச்சுப் பாருங்க. கீழ போகப் போகக் கல்லு உள்ளே வாங்கி உருண்டு, அடியில செம்மண்ணோ மக்குன கல்லோ வந்துச்சுன்னா அது தனிக்கல்லு. போகப் போக விரிஞ்சுக்கிட்டே போச்சுன்னா அது பாறை. அதை முழுசா எடுக்கறேன்னு எறங்காதீங்க. வீட்டைத் தள்ளிப் போடுங்க, இல்லாட்டி என்ஜினீயரைக் கேட்டு அதையே அடிமானமாப் பயன்படுத்துங்க. நம்ம பக்கம் மேட்டுல தனியா நிக்கற உருண்டைக் கல்லு பலதும் அங்கயே இருந்த பாறைதான். வெடிப்பு வழியாத் தண்ணி எறங்கிச் சுத்தி இருந்ததெல்லாம் மக்கி மண்ணாப் போயி, கெட்டியான நடுப்பாகம் மட்டும் நின்னுருக்குது. அதனாலதான் மேல ஏடு ஏடாக் கழண்டு வரும், உள்ள இரும்பாட்டம் இருக்கும்.

அப்பறம் எடை. கருங்கல்லு கன அடிக்கு 76 கிலோ கிட்ட வரும். நீளம், அகலம், ஒசரம் மூணையும் பெருக்கி, உருண்டைக் கல்லுன்னா அதுல பாதிக்குச் சித்த மேல எடுத்துக்கோங்க. உங்க கல்லு மண்ணுக்குள்ள இன்னும் ரெண்டடி இருக்குதுன்னு வெச்சா 11, 8, 7 பெருக்கி 616. அதுல பாதிக்கு மேலன்னா 320 கன அடி. 24 டன். இதைத் தூக்கற பேச்சே இல்லை. உடைச்சுத்தான் ஆகோணும். உடைச்சுக் குமிச்சா சந்து விழுந்து ஒண்ணரை மடங்குக்கு மேல பெருகும், அஞ்சு யூனிட் (யூனிட்னா நூறு கன அடி) கிட்ட வரும். அத்தனை கல்லைப் போட எடம் இருக்குதான்னும் இப்பவே பாத்துக்கோங்க.

உடைக்கறதுக்குப் பழைய வழி ஆப்பு. கல்லுக்கு ஓட்டம்னு ஒண்ணு உண்டு, எந்தப் பக்கம் பொளந்தா நேராப் பொளக்கும்னு. கல்லு வேலை தெரிஞ்ச ஆளு தண்ணி தெளிச்சுக் காயறதைப் பாத்தே, மயிரிழை வெடிப்பு எங்க ஓடுதுன்னு சொல்லிருவாரு. அந்த ஓட்டத்துல கோடு போட்டு, சாணுக்கு ஒண்ணா அரையடி ஆழத்துக்குத் துளை போட்டு, துளைக்குள்ள ரெண்டு தகடு, நடுவுல ஆப்பு. ஒரே ஆப்பைப் போட்டுச் சாத்தக்கூடாது. வரிசையா ஒண்ணுக்கு ஒரு அடி, திரும்ப மொதல்ல இருந்து ஒரு அடி. ஆப்பு எறுக எறுகச் சத்தம் ஒசந்துக்கிட்டே போகும், வெங்கலமாட்டம் கணீர்னு கேக்கும். அந்த நேரத்துல சம்மட்டியை வெச்சுட்டுச் சும்மா நிக்கோணும். உள்ள மொறுமொறுன்னு ஒரு சத்தம் வரும். அடுத்த சுத்து அடிக்கறபோது கணீர் போயி மொட்டையாக் கேட்டா உள்ள விட்டுருச்சுன்னு அர்த்தம். துளையில இருந்து துளைக்கு மயிராட்டம் கோடு ஓடியிருக்கும். கல்லை அமுக்கினாத் தாங்கும், இழுத்தாத் தாங்காது. அமுக்கறதுக்குத் தாங்கற பலத்துல பத்துல ஒரு பங்குதான் இழுவைக்குத் தேறும். ஆப்பு, அடுத்துச் சொல்லப்போற பவுடர் ரெண்டும் அந்த பலவீனத்துலதான் வேலை செய்யுது.

உங்க பெருசுக்கு நான் சொல்றது பவுடர். கிராக் பவுடர்னு கேட்டாக் குடுப்பாங்க. சுண்ணாம்பு வகையறாதான். தண்ணியில கலக்கித் துளையில ஊத்துனா, நேரம் ஆக ஆக ஊதிக் கல்லைப் பொளந்துரும். சத்தமில்லை, அதிர்வில்லை, சில்லு பறக்காது. சினை மாடு பாட்டுக்குப் படுத்திருக்கும். கம்ப்ரசர் ஓடற பொழுது மட்டும் அதை அக்கட்டக் கட்டிக்கோங்க, அதுக்குச் சத்தம் உண்டு.

துளை ஒண்ணரை இஞ்சி தடிமன், அடிக்கு ஒண்ணு. ஆழம் கல்லு ஒசரத்துல அஞ்சுல நாலு பங்கு இருக்கோணும். மேலாக்கத் துளை போட்டுக் காசை மிச்சம் பண்ணலாம்னு பாத்தா, மேல ஏடு மட்டும் கழண்டு வந்து நிக்கும். எல்லாத் துளையும் ஒண்ணா ஊத்தாதீங்க. மொதல்ல நீளவாக்குல நடுவுல ஒரு வரிசை. பத்துத் துளை, ஒவ்வொண்ணும் அஞ்சடின்னு வெச்சா அம்பதடித் துளை. அடிக்கு அரைக் கிலோவுக்குச் சித்த மேல பவுடர் பிடிக்கும், ஆக முப்பது கிலோ. கல்லு ரெண்டாப் பொளந்து வாய் விட்ட பொறகு, ஒவ்வொரு பாதியையும் குறுக்கால பொளக்கறது நெம்ப லேசு. அப்பறம் சின்னதுக்கு ஆப்பும் சம்மட்டியும் போதும்.

பவுடர்ல கவனமா இருக்க வேண்டியது கண்ணு. அஞ்சு கிலோ பொட்டலத்துக்கு ஒண்ணரை லிட்டர் தண்ணி, அதுக்கு மேல வேண்டாம், தண்ணி பச்சைத் தண்ணியா இருக்கோணும். கலக்குனது பத்து நிமிசத்துக்குள்ள துளைக்குள்ள போயிரோணும். வாளியிலயே விட்டுட்டுப் பேசிட்டு நிக்கக்கூடாது, சூடேறிக் கொதிக்கும். ஊத்துன பொறகு ஒருத்தரும் குனிஞ்சு துளைக்குள்ள பாக்கக்கூடாது. சூடு தாங்காம சில சமயம் துப்பாக்கியாட்டம் மேல பீச்சி அடிக்கும். கண்ணுல பட்டாப் பார்வையே போயிரும். கண்ணாடி, ரப்பர் கையுறை இல்லாம யாரையும் கிட்ட விடாதீங்க. தெரியாம பட்டுருச்சுன்னா தண்ணியில நெம்ப நேரம் கழுவிக்கிட்டே நேரா ஆசுபத்திரிக்குப் போயிரோணும். குழந்தைக, கோழி, நாய் எதுவும் அன்னைக்கு அந்தப் பக்கம் வரக்கூடாது.

துளை போடறபோது தூசி பறக்கும். அதைச் சாதாரணமா எடுத்துக்காதீங்க. கருங்கல்லு தூசி நுரையீரல்ல உக்காந்துச்சுன்னா எறங்காது. எங்க தொழில்ல நல்லா இருந்த ஆளுக மாடிப்படி ஏற முடியாம மூச்சு வாங்கறதைப் பாத்துட்டுத்தான் இருக்கறேன். துளைக்குத் தண்ணி விட்டு ஓட்டச் சொல்லுங்க. கம்ப்ரசர்காரர் துண்டைக் கட்டிக்கிட்டு வந்தாருன்னா, நல்ல மாஸ்க்கா நீங்களே வாங்கிக் குடுங்க. ஒரு டீச் செலவைவிடக் கொஞ்சம் எச்சா ஆகும், அவ்வளவுதான்.

இன்னொண்ணு. கல்லுல ஏற்கெனவே பழைய துளை இருக்குதான்னு பாருங்க. இருந்துச்சுன்னா அதுல ராடு விடவே கூடாது. எந்தக் காலத்துலயோ வெடிக்காம நின்ன மருந்து உள்ள இருக்கலாம். அதைத் தொடாம விவரம் தெரிஞ்ச லைசென்ஸ்காரரைக் கூப்பிட்டுக் காட்டோணும்.

பிரேக்கரைப் பத்தி: மக்குன கல்லு, வெடிப்பு விட்ட கல்லுன்னா பிரேக்கர் நல்லா உடைக்கும். வெடிப்பே இல்லாத உருண்டைக் கல்லுல உளி வழுக்கும், கல்லு ஆடும், மணி ஓடும், மீட்டர் நிக்காது. பக்கத்து ஓட்டு வீட்டுச் சுவத்துக்கும் அதிர்வு நல்லதில்லை. பவுடர்ல பொளந்த பொறகு துண்டைச் சின்னதாக்கவும் அள்ளவும் கூப்பிடுங்க, ஒரு பொழுதுல முடிச்சுருவாங்க.

கல்லை விக்காதீங்க அம்மிணி. அஞ்சு யூனிட்டு கருங்கல்லை வெளிய விலைக்கு வாங்கிப் பாருங்க, அப்பத் தெரியும். சைஸ் கல்லா உடைச்சுப் போட்டா, ஒண்ணரை அடி அகலம் ரெண்டடி ஆழத்துக்குக் காம்பவுண்டு அடிமானம் நூறடிக்கு மேல ஓடும். நல்ல ஓட்டம் இருந்து நேராப் பொளந்தா வாசப்படிக்கும் துணி தொவைக்கற கல்லுக்கும் ஆகும்.

கட்டட என்ஜினீயர், ஈரோடு

மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். அடிமானம் பற்றி மட்டும் சேர்க்கிறேன். வீட்டின் ஒரு பாதி பாறை மேலும் மறு பாதி மண் மேலும் உட்காரக்கூடாது. மண் பக்கம் கொஞ்சமாவது இறங்கும், பாறைப் பக்கம் இறங்காது. இரண்டும் சேரும் இடத்தில் சுவர் சாய்வாக வெடிக்கும், பிறகு எத்தனை தடவை பூசினாலும் அதே இடத்தில் திரும்ப வரும்.

கல்லை எடுத்தபின் ஹாலுக்கு அடியில் கல் மண்ணுக்குள் இருந்த ஆழத்துக்குப் பள்ளம் இருக்கும். தோண்டின மண்ணையே ஜேசிபியில் தள்ளி மூடிவிட்டுத் தளம் போடுவதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கிறது. தளம் ஒரே மழைக்காலத்தில் உள்வாங்கும். கிராவல் மண்ணை அரையடி முக்கால் அடி அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு ஏற்ற வேண்டும். பில்லர் அந்தப் பள்ளத்துக்குள் வந்தால், ஃபூட்டிங் (பில்லரின் அடிப்பாகம்) நிரப்பின மண் மேல் நிற்கக்கூடாது, பள்ளத்தின் அடியில் கெட்டித் தரைவரை இறங்க வேண்டும். கல்லை எடுத்து முடித்த பிறகு பில்லர் குறிக்கச் சொல்லுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

ஓய்வு பெற்ற வி.ஏ.ஓ.

கல்லை விலைக்குக் கேட்பவர் பற்றிச் சகோதரி கேட்டதற்கு: பட்டா உங்கள் பெயரில் இருந்தாலும் கருங்கல் சிறு கனிமம். தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள், 1959 அதற்குப் பொருந்தும். அனுமதியும் நடைச்சீட்டும் (கல்லை எடுத்துச்செல்வதற்கான சீட்டு) இல்லாமல் லாரியில் ஏற்றி ரோட்டுக்குப் போனால் வண்டியைப் பிடிப்பார்கள், வழக்கு நிலத்துக்காரர் வரை வரும். "நாங்க பாத்துக்கறோம்" என்று வாங்குபவர் சொல்வதை நம்பிக் கொடுக்காதீர்கள். உங்கள் மனைக்குள்ளேயே பயன்படுத்துவதாக இருந்தாலும், வேலை தொடங்கும் முன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள புவியியல் மற்றும் சுரங்கத் துறையில் ஒரு வார்த்தை கேட்டு, கிராம நிர்வாக அலுவலரிடமும் எழுத்தில் ஒரு மனு கொடுத்து வையுங்கள். யாராவது மொட்டைக் கடிதம் போட்டால் அது கைகொடுக்கும்.

எந்த மாவட்டம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ரோட்டில் பெருந்துறை தாலுகா என்றால் ஈரோடு, காங்கேயம் தாலுகா என்றால் திருப்பூர். 2009இல் திருப்பூர் மாவட்டம் பிரிந்ததற்கு முன் இரண்டும் ஈரோடுதான் என்பதால் பழைய பத்திரத்தைப் பார்த்துத் தவறான அலுவலகத்துக்கு அலைகிறவர்கள் உண்டு. புலப்படத்தை (நில அளவை வரைபடம்) எடுத்து, கல் நிற்கும் இடம் முழுக்க உங்கள் எல்லைக்குள்தானா, வண்டிப்பாதைப் புறம்போக்கில் கொஞ்சம் விழுகிறதா என்றும் அளந்துகொள்ளுங்கள்.

வரலாறு டீச்சர், ஈரோடு

தங்கச்சி, உங்க பூமி கொடுமணலுக்கு ரொம்பத் தூரமில்லை. நொய்யல் கரையில அந்த ஊர்ல அகழாய்வு பண்ணினப்போ இரும்புக்காலத்து ஈமக்காடு வெளியே வந்துச்சு. சுத்தி வட்டமாப் பெரிய கல்லு நட்டு, நடுவுல சிறு கல்லுக் குவிச்சு, அடியில பலகைக்கல்லுல பெட்டி மாதிரி அறை. அந்த மாதிரிக் கல்வட்டம் கொங்கு நாட்டுல பல காட்டுக்குள்ள இன்னும் இருக்கு. வழியில நிக்குதுன்னு ஜேசிபியில தள்ளினது நிறைய. உங்களோடது தனித்தனியா நிக்கற கல்லுன்னா கவலையில்லை. ஆனா சுத்திப் பறிக்கும்போது, பாதி புதைஞ்ச கல்லு வட்டமா வந்தாலோ, நட்டு வெச்ச பலகைக்கல்லு தெரிஞ்சாலோ, உள்பக்கம் கறுப்பும் வெளிப்பக்கம் சிவப்புமா மண்பானை ஓடு கிடைச்சாலோ வேலையை நிறுத்திட்டுத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்க. ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல அந்த எடத்துல இருந்ததை ஒரு மணி நேரத்துல அழிச்சுட்டா மறுபடி யாராலயும் வைக்க முடியாது.

தறிக்காரி, சென்னிமலை

எல்லாருக்கும் நெம்ப நன்றிங்க. நேத்து ஜேசிபி விட்டு ரெண்டு பக்கமும் பறிச்சுப் பாத்தோம். பெருசு உள்ளே வாங்கித்தான் இருக்குதுங்க, அடியில செம்மண்ணும் ஓடக்கல்லும் வந்துச்சு. டீச்சர் சொன்ன மாதிரி ஓடு, பலகை எதுவும் இல்லை. ரெண்டாவது கல்லு ஆழமே இல்லைங்க, மேலாக்க உக்காந்திருக்குது. மேஸ்திரிகிட்ட வெடி வேண்டாம்னு சொல்லியாச்சு. பெரிய மாமனாரும் "நல்லதாப் போச்சு"ன்னுட்டாரு. கல்லை விக்கப்போறதில்லை, காம்பவுண்டுக்குத்தான்.

கம்ப்ரசர் அண்ணா, ரெண்டு சந்தேகம். இப்பச் சித்திரை வெய்யில். கல்லைக் கை வெச்சாலே சுடுது. இந்தச் சூட்டுல பவுடர் ஊத்தலாங்களா, இல்லை ஆடி வரைக்கும் பொறுக்கோணுங்களா? அப்பறம், மாமியார் கும்பிடற கல்லு வேப்பமரத்தடியில, பெருசுக்கு முப்பதடி தள்ளி இருக்குது. அதுக்கு எதுவும் ஆகாதுங்களே?

கம்ப்ரசர்காரர், வெள்ளகோவில்

கன்னிமாருக்கு ஒண்ணும் ஆகாது அம்மிணி. பவுடர் ஊத்துன துளை இருக்கற கல்லை மட்டுந்தான் பொளக்கும், மண்ணு வழியா அடுத்த கல்லுக்குப் போகாது. பொளந்த துண்டை ஹிட்டாச்சியில இழுக்கறபோது மட்டும் வேப்பமரத்துப் பக்கம் வண்டி திரும்ப வேண்டாம்னு டிரைவர்கிட்ட மொதலே சொல்லி, ஒரு கயிறு கட்டி வையுங்க. வேர் மேல வண்டி ஏறுனா மரம் வாடும்.

வெய்யில் விசயம் நீங்க கேட்டது சரியான கேள்வி. ஆடி வரைக்கும் பொறுக்க வேண்டியதில்லை, ஆனா பகல்ல ஊத்தக்கூடாது. சூடான கல்லுலதான் பீச்சி அடிக்கறது அதிகம். பவுடர்ல வெய்யில் காலத்துக்கு ஒண்ணு, குளிர் காலத்துக்கு ஒண்ணுன்னு வகை இருக்குது, பொட்டலத்து மேல எத்தனை டிகிரிக்குன்னு போட்டிருக்கும். கடையில பழைய சரக்கைத் தள்ளிவிடப் பாப்பாங்க, பாத்து வாங்குங்க. பொட்டலம் ஈரம் பட்டுக் கட்டி தட்டியிருந்தா வேண்டாம்னு திருப்பிக் குடுத்துருங்க.

துளையைக் காலையில போட்டுக்கோங்க. ஊத்தற அன்னைக்கு விடியால இருந்தே கல்லு மேல கோணிச்சாக்கை நனைச்சுப் போட்டு, காய விடாம தண்ணி தெளிச்சுக்கிட்டே இருங்க. துளைக்குள்ள நிக்கற தண்ணியையும் தூசியையும் கம்ப்ரசர் காத்துலயே ஊதி எடுத்துரச் சொல்லுங்க. பொழுது எறங்குன பொறகு, கல்லு கைக்குக் குளுகுளுன்னு ஆச்சுன்னா ஊத்த ஆரம்பிக்கலாம். தண்ணி பானைத் தண்ணியா இருக்கட்டும், மேல் தொட்டித் தண்ணி சுடும். ஊத்தி முடிச்சதும் தார்ப்பாயை மேல போத்தி ஓரத்துல மண்ணைப் போட்டுட்டு எல்லாரும் ஊட்டுக்குப் போயிரோணும். ராத்திரியில டார்ச் அடிச்சுப் பாக்கறேன்னு யாரும் போகாதீங்க. அடுத்த நாள் மத்தியானத்துக்குள்ள கோடு விட்டுருக்கும். விடலைன்னாலும் இன்னொரு ராத்திரி பொறுங்க. கோடு தெரிஞ்ச பொறகு அதுல தண்ணி ஊத்துனா வாய் இன்னும் அகலமாகும்.

ரெண்டாவது கல்லு மேலாக்க இருக்குதுன்னா பெருந்துறைத் தம்பி சொன்னதைச் செய்யுங்க, சல்லிசா முடியும். போர் வண்டி வர்றதுக்கு முன்னாலயே உருட்டிருங்க, வண்டி நிக்கத் தாராளமா எடம் வேணும். குழியைப் போர் குறிச்ச எடத்துல இருந்து நல்லாத் தள்ளி, காம்பவுண்டு அடிமானமும் படாத எடமாப் பாத்துப் பறிங்க.